மங்கலான சாய்சதுரம் என் மாடலுக்கு மட்டும் ஏன் நேராகவே போகிறது?

நம் கண் அசைவை எப்படி உணர்கிறது என்பதற்கு மாடல் எழுதியவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் கைகொடுங்கள். ஏடல்சன், பெர்கன் என்ற ஆய்வாளர்கள் 1985-இல் சொன்ன மோஷன் எனர்ஜி முறையை (எந்தத் திசையில் எவ்வளவு அசைவு இருக்கிறது என்று ஃபில்டர்களால் அளப்பது) பைத்தானில் எழுதியிருக்கிறேன்: கேபார் ஃபில்டர்கள் (குறிப்பிட்ட சாய்வில் உள்ள கோடுகளுக்கு மட்டும் பதில் தருபவை), ஜோடி ஜோடியாக வர்க்கப்படுத்திக் கூட்டல், அப்புறம் எல்லா ஃபில்டர்களின் மொத்தத்தால் வகுத்தல். நகரும் கோடுகளுக்குத் திசை கச்சிதமாக வருகிறது.

சிக்கல் ஒல்லியான சாய்சதுரத்தில்தான். அது கிடைமட்டமாக நகரும்போது கான்ட்ராஸ்ட் நன்றாக இருந்தால் நமக்கும் அப்படியே தெரியும், மங்கலாக்கினால் சாய்வாகப் போவதுபோல் தெரியும். 'வேகம் குறைவாகத்தான் இருக்கும்' என்ற முன்னனுமானத்தைப் பேயஸ் முறையில் (கண்ணில் படும் தகவல் எவ்வளவு நம்பகமோ அதற்கேற்ப அதை முன்னனுமானத்தோடு சேர்த்து எடைபோடும் நிகழ்தகவு முறை) சேர்த்தாலே இது வந்துவிடும் என்று வைஸ், சிமோன்செல்லி, ஏடல்சன் மூவரும் 2002-இல் காட்டினார்கள். நானும் சேர்த்தேன், ஆனால் எவ்வளவு மங்கலாக்கினாலும் என் மாடல் விடாப்பிடியாகக் கிடைமட்டம் என்றே சொல்கிறது. வகுக்கும் படியிலேயே கான்ட்ராஸ்ட் காணாமல் போய்விடுகிறது, அதனால் முன்னனுமானத்துக்கு வேலையே இல்லை என்று சந்தேகம்.

இரைச்சலை (noise, அளவீட்டில் வரும் தற்செயல் ஏற்ற இறக்கம்) வகுப்பதற்கு முன்பு சேர்ப்பதா, பின்பா? வகுக்கும் மொத்தத்தோடு கூட்டும் சிக்மா என்ற மாறிலியின் அளவை எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்? ஒரு கோட் துண்டு கிடைத்தாலும் போதும். டீப் நெட்வொர்க்கைப் பழக்கிவிடு என்று மட்டும் சொல்லாதீர்கள், ஏன் அப்படித் தெரிகிறது என்பதுதான் எனக்கு வேண்டும்.