தண்டையார்பேட்டையில் வீட்டுக்கு வந்து கவனிக்கும் செவிலியர் தேவை

வணக்கம். சர்க்கரை நோயுள்ள என் மாமியாருக்கு அடுத்த வாரம் முழங்கால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை நடைபெறவுள்ளது. திட உணவை 6 மணி நேரம் முன்பும் தண்ணீரை 2 மணி நேரம் முன்பும் நிறுத்துவது முதலானவற்றை மருத்துவமனைச் செவிலியர் பொறுமையாக விளக்கிவிட்டார். அங்குள்ள கவனிப்பைப் பற்றிக் கவலையில்லை. வீடு திரும்பிய பிறகு, தையல் பிரிக்கும் வரை கட்டு மாற்றவும், இரத்தம் உறையாமலிருக்க வயிற்றுத் தோலுக்கடியில் ஊசி போடவும், கெண்டைக்கால் வீக்கமோ புண்ணில் சீழோ தென்பட்டால் உடனே கண்டறியவும் பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் தினமும் வர வேண்டும். வலியை வெளியே சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொள்பவர் அவர். வலி அடங்காவிட்டால் வாக்கர் பிடித்து நடக்கவே மாட்டார் என்பதால், அதைக் கேட்டறியும் பக்குவமும் அவசியம். வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் முறையாகப் பதிவு பெற்றவர் எவரையேனும் அறிந்திருந்தால், கட்டண விவரத்துடன் தனிச்செய்தியில் தெரிவிக்க வேண்டுகிறேன்.