ஷிப்ட் மாறும் வீட்டில் பிள்ளையை நேரத்துக்குத் தூங்க வைப்பது எப்படி?

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறோம், மகனுக்கு மூன்றரை வயது. வீட்டுக்காரருக்கு ஷிப்ட் வேலை, வாரத்துக்கு வாரம் மாறும், அவர் இரவு 11 மணிக்கு வந்து கதவைத் திறந்தால் போதும், தூங்குகிற பிள்ளை எழுந்து அப்பா மேல் ஏறிக்கொள்கிறான், அப்புறம் 1 மணி வரை ஆட்டம்தான். இந்த வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், இவன் 9-ஐத் தாண்டுவதில்லை. மாலை 6 மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்களே என்று ஓடவிட்டுக் களைப்பாக்கிப் பார்த்தேன், எனக்குத்தான் தூக்கம் வந்தது. குளியல், சாப்பாடு, கதை என்று ஒரே வரிசை 4 நாள் நடக்கும், ஷிப்ட் மாறினால் போச்சு. (மாமியார், தானாகச் சரியாகும் என்கிறார்.) இதைச் சமாளித்தவர்கள் பகல் தூக்கத்தைக் குறைத்தீர்களா, இல்லை அப்பா வருவதையும் வழக்கத்துக்குள் சேர்த்துக்கொண்டீர்களா? கொஞ்சம் சொல்லுங்கள்.