அரசு லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி: கட்டிய பணம் திரும்ப வந்ததா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

மேரிலாண்ட் அம்மா

எந்தக் கல்லூரி என்று முடிவு சொல்ல வேண்டிய மே 1 கெடு நெருங்கும்போது வீடு எப்படி இருக்கும் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மகளுக்கு இரண்டு இடம் கிடைத்தது. ஒன்று வெளி மாநிலத்தில் ஒரு தனியார் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி (இலக்கியம், தத்துவம், அறிவியல் என்று பரந்த படிப்பு தரும் சின்னக் கல்லூரி). இன்னொன்று எங்கள் மாநிலத்திலேயே இருக்கும் அரசு லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி, செயின்ட் மேரிஸ் காலேஜ் ஆஃப் மேரிலாண்ட். தனியார் கல்லூரியின் உதவித்தொகைக் கடிதத்தில் கடைசி வரி, "நீங்கள் கட்ட வேண்டியது: 0." என் கணவர் உடனே ஊருக்கு ஃபோன் போட்டு மாமனாரிடம் சொல்லிவிட்டார்.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மகள் பென்சிலை எடுத்து ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் "திருப்பித் தரணுமா?" என்று எழுதிக்கொண்டே போனாள். கிராண்ட், வேண்டாம். வொர்க் ஸ்டடி, அவள் வேலை செய்தால்தான் வரும். ஃபெடரல் லோன் 5,500 டாலர், தரணும். எல்லாவற்றையும்விடப் பெரிய தொகை பேரன்ட் பிளஸ் லோன். அதன் பக்கத்தில் "தரணும், அப்பா அம்மா" என்று எழுதினாள். உதவி என்ற தலைப்பின் கீழ் எங்கள் பேரிலேயே கடனைப் போட்டுப் பூஜ்ஜியம் வரவைத்திருக்கிறார்கள்.

அப்போது ஒரு கேள்வி கேட்டாள். "நான் ஆந்த்ரபாலஜி படிச்சா, எங்க படிச்சாலும், உங்க பணம் திரும்பி வருமா அம்மா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. செயின்ட் மேரிஸில் சேர்ந்தாள், நன்றாகவும் படிக்கிறாள். ஆனால் அந்தக் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அரசு லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் படித்தவர்கள், பிள்ளையைப் படிக்க வைத்தவர்கள், உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

ஜெனசியோ அப்பா

நியூயார்க்கில் இருக்கிறோம். மகன் சுனி (நியூயார்க் மாநில அரசுப் பல்கலைக்கழகம்) ஜெனசியோவில் தத்துவம் படித்தான். நியூயார்க் மாநிலத்தவருக்கு சுனி டியூஷன் வருடத்துக்கு 7,070 டாலர். அந்த எண்ணைப் பார்த்து நிம்மதியாக இருந்தேன். முதல் பில் வந்தபோதுதான் புரிந்தது, தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் டியூஷனைவிட அதிகம் ஆகிறது. ஜெனசியோ சின்ன ஊர், வீட்டிலிருந்து போய்வர முடியாத தூரம், ஆக வேறு வழியும் இல்லை. டியூஷனுக்கு மாநிலம் தரும் எக்செல்சியர் ஸ்காலர்ஷிப் வருமானம் 125,000 டாலருக்குள் இருக்கும் குடும்பங்களுக்குத்தான்; நாங்கள் அந்தக் கோட்டைக் கொஞ்சம் தாண்டியிருந்தோம். கிடைப்பவர்களும் ஒன்றைக் கவனியுங்கள். எத்தனை வருடம் அந்தப் பணத்தை வாங்கினீர்களோ, அத்தனை வருடம் படிப்புக்குப் பிறகு நியூயார்க்கிலேயே வசிக்க வேண்டும். இல்லாவிட்டால் அது கடனாக மாறிவிடும்.

என் மனதில் நிற்பது வேறு ஒன்று. கல்லூரியைப் பார்க்கப் போன நாளில் ஒரு பேராசிரியரிடம், "இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" என்று நேரடியாகக் கேட்டுவிட்டேன். மகன் தலையைக் குனிந்துகொண்டான். அவர் கோபப்படவில்லை. "முதல் வேலையைப் பற்றிக் கேட்கிறீர்களா, நான்காவது வேலையைப் பற்றிக் கேட்கிறீர்களா?" என்று திருப்பிக் கேட்டார்.

சகோதரி, உங்கள் மகளின் கேள்விக்கு என் பதிலும் அதுதான். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் 2020-ல் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. பத்து வருடக் கணக்கில், படிப்புச் செலவைக் கழித்த பிறகு கிடைக்கும் லாபம் இடைநிலையாக 62,000 டாலர். எல்லாக் கல்லூரிகளுக்கும் சேர்த்து 107,000. நாற்பது வருடக் கணக்கில் அப்படியே தலைகீழ். லிபரல் ஆர்ட்ஸ் 918,000, எல்லாம் சேர்ந்து 723,000. ஆக, திரும்பி வரும், தைரியமாகச் சொல்லுங்கள்.

வரவு செலவு

ஜெனசியோ அண்ணா, மரியாதையோடு மறுக்கிறேன். அந்த ஆய்வை நானும் படித்தேன். அதில் வரும் 210 கல்லூரிகளில் பெரும்பாலானவை தனியார். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் அதிகம் போகிற, பெரிய நகரங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற கல்லூரிகள் அந்த இடைநிலையை மேலே இழுக்கும். அந்த 918,000-ஐ எடுத்து மிசூரியிலோ மினசோட்டாவிலோ இருக்கும் அரசுக் கல்லூரிக்கு அப்படியே ஒட்ட முடியாது.

என் கதை சின்னது. அக்கா மகனுக்காகக் கணக்குப் போட உட்கார்ந்தேன், அமெரிக்கக் கல்வித் துறையின் காலேஜ் ஸ்கோர்கார்டு தளத்தில் அவன் கேட்ட மேஜருக்கு (முதன்மைப் பாடத்துக்கு) சம்பள விவரமே இல்லை. மாணவர் எண்ணிக்கை குறைவாக இருந்தால் தனியுரிமைக்காக அந்த எண்ணை வெளியிட மாட்டார்கள். சின்னக் கல்லூரியின் சின்னத் துறையில் இது அடிக்கடி நடக்கும். அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான், திரையில் அந்தக் கட்டம் காலி.

அதனால் இந்தக் கணக்கைப் போடப்போகிறவர்களுக்குச் சிலது சொல்கிறேன், யாரும் கேட்கவில்லை என்றாலும்.

முதலில் விளம்பரத்தில் போடும் விலையை மறந்துவிடுங்கள். ஃபெடரல் உதவி வாங்கும் ஒவ்வொரு கல்லூரியின் தளத்திலும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் இருக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் வருமானத்தைப் போட்டுப் பாருங்கள், கிராண்ட் போக நீங்கள் உண்மையில் கட்ட வேண்டிய தொகை (நெட் பிரைஸ்) தெரியும். ஸ்கோர்கார்டிலும் மொத்தச் சராசரியைப் பார்க்காமல், உங்கள் வருமான அடுக்குக்கான நெட் பிரைஸைப் பாருங்கள். சில இடங்களில் அரசுக் கல்லூரியைவிடத் தனியார் மலிவாக வரும். சில இடங்களில் மாநிலத்தின் பெரிய பல்கலைக்கழகமே மலிவாக வரும். பேரைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

அடுத்தது கடன். பெற்றோரைச் சார்ந்திருக்கும் மாணவருக்கு ஃபெடரல் லோன் முதல் வருடம் 5,500, இரண்டாம் வருடம் 6,500, பிறகு 7,500, 7,500. நான்கு வருடத்தில் மொத்தம் 27,000 டாலர். இதற்குள் முடிந்தால் எந்த மேஜராக இருந்தாலும் பெரும்பாலும் சமாளித்துவிடலாம் என்பது என் எண்ணம். அதைத் தாண்டிய எல்லாம் பெற்றோர் தலையில் ஏறும் கடன். பேரன்ட் பிளஸுக்கு முன்பு கல்லூரிச் செலவு முழுவதும் வரை கொடுத்தார்கள். 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குபவர்களுக்கு ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு 20,000, மொத்தம் 65,000 என்று வரம்பு வந்துவிட்டது. நல்லதுதான் என்பேன். ஆனால் மீதியை யார் கொடுப்பார்கள் என்று முதல் வருடமே யோசித்து வையுங்கள். இரண்டாம் வருடம் தனியார் வங்கியிடம் போய் நிற்கக் கூடாது.

மேரிலாண்ட் சகோதரி சொன்ன கடிதம் ஏதோ ஒரு கல்லூரியின் தனி வழக்கம் இல்லை. அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2022-ல் பார்த்தபோது 91 சதவீதக் கல்லூரிகள் உண்மையான நெட் பிரைஸைச் சொல்லாமல் விட்டன, அல்லது குறைத்துச் சொல்லின. உங்கள் மகளின் பென்சில் எல்லார் வீட்டிலும் வேண்டும்.

அப்புறம், நான்கு வருடத்தில் முடிப்பவர்கள் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். ஒரு செமஸ்டர் கூடினாலும் அந்தச் செலவும் உங்களுடையது, இழந்த சம்பளமும் உங்களுடையது. சம்பள எண்களை ஓரளவுக்கே நம்புங்கள். ஸ்கோர்கார்டில் வருவது ஃபெடரல் உதவி வாங்கிய மாணவர்களின் வருமானம் மட்டும். ஃபாஃப்சா (ஃபெடரல் உதவிக்கான விண்ணப்பம்) போடாத வசதியான வீட்டுப் பிள்ளைகள் அதில் இல்லை.

இன்னும் சொல்லலாம், இங்கேயே நீண்டுவிட்டது.

ட்ரூமன் பழைய மாணவி

வரவு செலவு அவர்களே, எண்கள் எல்லாம் சரி. ஆனால் "27,000-க்குள் முடிந்தால் சமாளிக்கலாம்" என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். என் அனுபவத்தில் விஷயமே அங்கேதான் இருக்கிறது.

நான் மிசூரியில் வளர்ந்தவள். கர்க்ஸ்வில்லில் இருக்கும் ட்ரூமன் ஸ்டேட்டில் ஆங்கில இலக்கியம் படித்தேன். மாநிலக் கட்டணம், கொஞ்சம் ஸ்காலர்ஷிப். கடன் வாங்கியது மிகக் குறைவு. முதல் வேலை கான்சாஸ் சிட்டியில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில், கிளெய்ம் கோப்புகளைப் படித்துச் சுருக்கி எழுதுவது. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த தம்பியின் சம்பளம் என்னுடையதைப்போல இரண்டு மடங்கு. அம்மா அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே எனக்கு வலித்தது.

பக்கத்து இருக்கையில் ஒரு பெண். அவளும் ஆங்கில இலக்கியம்தான், ஒரு தனியார் கல்லூரியில். என்னைவிட நன்றாக எழுதுவாள், இதை நான் மனதாரச் சொல்கிறேன். மருத்துவ ஆய்வுகளை எழுதித் தரும் ஒரு சின்ன நிறுவனம் எங்கள் இருவரையும் பயிற்சி வேலைக்குக் கூப்பிட்டது. முதல் வருடம் இப்போது வாங்குவதைவிடச் சம்பளம் குறைவு, அதற்குப் பிறகு ஏறும். இருவரும் சேர்ந்துதான் நேர்காணலுக்குப் போனோம். வெளியே வந்ததும் நான் சந்தோஷமாகப் பேசிக்கொண்டே வந்தேன். அவள் லிஃப்ட் பட்டனை அழுத்திவிட்டு, "என்னால் முடியாது. என் லோன் தவணை அந்தச் சம்பளத்தில் அடங்காது" என்றாள். குரலில் எந்தக் கோபமும் இல்லை. லிஃப்ட் வந்தது, ஏறினோம், கீழே வரும் வரை நான் வாயைத் திறக்கவில்லை.

நான் அந்த வேலையை எடுத்தேன். இன்று தம்பிக்கு இணையாக வாங்குகிறேன். அவள் பல வருடம் அதே கோப்புகளோடு இருந்தாள்.

ஜெனசியோ அண்ணா சொல்லும் நாற்பது வருடக் கணக்கு பொய் இல்லை. ஆனால் அந்த நாற்பது வருடத்துக்குள் நுழைய முதல் சில வருடங்கள் குறைந்த சம்பளத்தில் தாக்குப்பிடிக்க வேண்டும். என்னால் முடிந்தது, அவளால் முடியவில்லை. இருவரும் படித்த பாடம் ஒன்றே. எனக்கு அரசுக் கல்லூரி கொடுத்தது காத்திருக்கும் வசதி. உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள் சகோதரி, பென்சிலால் கோடு போட்ட அன்றே அவள் பாதிப் பணத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டாள்.

பெயர் வேண்டாம்

எல்லாரும் கல்லூரி அப்படியே இருக்கும் என்று வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள்.

என் பெண் படித்துக்கொண்டிருக்கும்போதே அவள் துறையை மூடுவதாக மின்னஞ்சல் வந்தது. "தற்போதைய மாணவர்கள் பட்டத்தை முடிக்க ஏற்பாடு செய்யப்படும்" என்று ஒரு வரி. ஏற்பாடு செய்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் அவளுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டிய பேராசிரியர் அதற்குள் வேறு மாநிலத்துக்குப் போய்விட்டார். ஆய்வுக் கட்டுரைக்கு வழிகாட்ட அந்தப் பாடமே தெரியாத ஒருவரைக் கொடுத்தார்கள். பெரிய பல்கலைக்கழகத்தில் கிடைக்காத ஆசிரியர் நெருக்கம் இங்கே கிடைக்கும் என்றுதான் சேர்த்தோம். அதற்குத்தான் பணம் கட்டினோம்.

எங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. 2024-ல் யுஎன்சி ஆஷ்வில் நாடகம், தத்துவம், சமயவியல், பண்டைய மத்தியதரைக்கடல் ஆய்வுகள் என்று நான்கு துறைகளை மூட முடிவெடுத்தது. மாணவர் சேர்க்கை குறைகிறது, பட்ஜெட்டில் துண்டு விழுகிறது, முதலில் கை வைப்பது இந்தத் துறைகளில். சேருமுன் கல்லூரியின் சேர்க்கை எண்ணிக்கை சில வருடங்களாக ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள். துறையில் நிரந்தரப் பேராசிரியர்கள் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். வரவு செலவு அவர்களின் பட்டியலில் இது இல்லை.

வரவு செலவு

ஒத்துக்கொள்கிறேன், அது முக்கியம். ஒன்று சேர்க்கலாம்: சேர்க்கை எண்கள் காமன் டேட்டா செட் என்ற புள்ளிவிவரத் தொகுப்பில் இருக்கும், பெரும்பாலான கல்லூரிகள் அதை வருடாவருடம் வெளியிடுகின்றன.

எச்-4 வீட்டுப் பையன்

நீங்கள் எல்லாரும் ஃபாஃப்சாவிலிருந்து ஆரம்பிக்கிறீர்கள். எங்களுக்கு அந்தக் கதவே கிடையாது. எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்கானது) இருக்கும் மாணவருக்கு ஃபெடரல் கிராண்டும் இல்லை, ஃபெடரல் லோனும் இல்லை. பள்ளி ஆலோசகர் வகுப்பில் எல்லாரையும் லேப்டாப்பில் ஃபாஃப்சா திறக்கச் சொன்ன அன்று நான் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவன், "உங்க வீட்டில் அவ்வளவு பணமா?" என்று கேட்டான்.

எங்கள் மாநிலத்தில் எச்-4 பிள்ளைகளுக்கும் இன்-ஸ்டேட் கட்டணம் தருகிறார்கள், எல்லா மாநிலத்திலும் அப்படி இல்லை. அதனால் அரசுக் கல்லூரி ஒன்றுதான் எங்களுக்கு எட்டும். ஆனால் 21 வயது முடிந்ததும் மாணவர் விசாவான எஃப்-1-க்கு மாற வேண்டும். பொருளாதாரமும் வரலாறும் படிக்க ஆசை. அப்பா வேண்டாம் என்கிறார். எஃப்-1-ல் படித்த யாராவது இருக்கிறீர்களா?

மினியாபொலிஸ் அண்ணன்

தம்பி, நான் இருக்கிறேன். மதுரையிலிருந்து எஃப்-1-ல் வந்து, மிட்வெஸ்டில் ஓர் அரசு லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் நீ சொன்ன அதே பொருளாதாரமும் வரலாறும் படித்தவன். இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன், உனக்காகத்தான் எழுதுகிறேன்.

மூன்றாம் சுற்று நேர்காணல். நன்றாகப் போனது. கடைசியில் அந்த அம்மையார், "உங்கள் வேலை அனுமதி எவ்வளவு காலம்?" என்று கேட்டார். பன்னிரண்டு மாதம் என்றேன். அதுவரை எழுதிக்கொண்டிருந்த குறிப்பேட்டை மூடினார். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. என் அறைத்தோழன் அதே கல்லூரியில் கணிதம் படித்தவன். அவனுக்கு ஓபிடி (படிப்புக்குப் பின் வேலை செய்யும் அனுமதி) 12 மாதமும், ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டங்களுக்கான நீட்டிப்பு 24 மாதமும் சேர்த்து மூன்று வருடம். எச்-1பி வேலை விசா குலுக்கலில் மூன்று தடவை பேர் போட முடிந்தது. எனக்கு ஒரு தடவைதான். பேர் விழவில்லை. மேற்படிப்புக்குப் போய்த்தான் இங்கே தங்க முடிந்தது, அந்தச் செலவையும் என் பட்டத்தின் விலையில்தான் சேர்க்க வேண்டும்.

கவனமாகக் கேள். பொருளாதாரத்திலேயே இரண்டு வகை இருக்கிறது. அரசின் பாட வகைப்பாட்டில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் எண் உண்டு; பொதுவான பொருளாதாரத்துக்கு 45.0601. அது ஸ்டெம் இல்லை. கணித, புள்ளியியல் முறைகள் சேர்ந்த எகனாமெட்ரிக்ஸ், குவான்டிடேடிவ் எகனாமிக்ஸ் வகைக்கு 45.0603. அது ஸ்டெம் பட்டியலில் இருக்கிறது. பல கல்லூரிகள் தங்கள் பொருளாதாரப் பட்டத்தை 45.0603-க்கு மாற்றிவிட்டன, சில மாற்றவில்லை. என்னுடையது மாற்றாத கல்லூரி. ஒரே பாடம், ஒரே புத்தகம், எண் மட்டும் வேறு.

அப்பாவிடம் வரலாற்றை விட்டுவிடுகிறேன் என்று சொல்லாதே. வரலாறு என்னை எழுதவும் வாதாடவும் வைத்தது, இன்றைய வேலை அதில்தான் ஓடுகிறது. அதை இரண்டாவது மேஜராக வைத்துக்கொள். முதல் மேஜருக்கு எந்த எண் போடுகிறார்கள் என்று ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் மின்னஞ்சலிலேயே கேள், பதிலை எழுத்தில் வாங்கு. எஃப்-1-க்கு மாறும்போது கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் மேஜர் பெயருக்குப் பக்கத்தில் அந்த எண் அச்சாகியிருக்கும். கையெழுத்துப் போடுமுன் அதைச் சரிபார்.