மாக்கிங்ஜே இரண்டாம் பாகம்: அந்த மேசையில் கட்னிஸ் ஏன் 'ஆம்' என்றாள்?

சுருக்கெழுத்தாள் (கேள்வி):

முடிவு உட்பட எல்லாவற்றையும் எழுதப் போகிறேன். 2015இல் வந்த படம்தான், ஆனாலும் இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே திரும்பிவிடுங்கள். பிறகு என்னோடு சண்டைக்கு வரக் கூடாது.

விடுமுறைக்கு வந்திருக்கும் என் அக்காள் மகள் 'ஹங்கர் கேம்ஸ்' படங்களை வரிசையாகப் போட்டுக் காட்டினாள். அதிபர் ஸ்னோ ஆளும் ஒரு கற்பனை நாட்டில் பிள்ளைகளைக் களத்தில் இறக்கி ஒருவரையொருவர் கொல்லவைக்கும் போட்டிதான் கதை. அதில் வென்ற கட்னிஸ் என்ற பெண் ஸ்னோவுக்கு எதிரான கிளர்ச்சியின் சின்னமாகிறாள், 'மாக்கிங்ஜே' என்பது அவளுக்கு அங்கே கிடைத்த பெயர். கடைசிப் படத்தை நேற்று இரவு முடித்தோம். இந்த வகைப் படங்களுக்கு நான் ஆள் இல்லை. வானத்திலிருந்து பரிசுப் பொதி இறங்குவதும், நீல முடியும் பச்சை இமையுமாகச் சீமான்கள் திரிவதும் முதல் படத்திலேயே எனக்குச் சலித்துவிட்டன. இந்தக் கடைசிப் படம் அப்படியல்ல. கழுத்தில் பட்டை கட்டிய ஒரு பெண் தன் பெயரைச் சொல்லப் பார்க்கிறாள், குரல் வரவில்லை. அங்கே தொடங்குகிறது படம். நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

நடுவில் கரிய தார் அலையும் நிலத்தடிச் சாக்கடையில் கண்ணில்லாத பல்லிப் பிராணிகளும் வந்தபோது சமையலறையில் எனக்கு வேலை இருந்தது. கட்னிஸின் தோழன் ஃபின்னிக் இறந்ததை அக்காள் மகள்தான் உரக்கச் சொன்னாள்.

என் கேள்வி அதற்குப் பிறகு வருவது. ஸ்னோவின் மாளிகை வாசலில் குழந்தைகள் கூட்டமாக நிற்கிறார்கள். வெள்ளிக் குடைகள் இறங்குகின்றன. பரிசு என்று நினைத்துக் கை நீட்டுகிறார்கள், வெடிக்கிறது. காயம்பட்டவர்களைத் தூக்க மருத்துவக் குழு ஓடி வருகிறது, அப்போது இரண்டாவது முறை வெடிக்கிறது. கட்னிஸின் தங்கை பிரிம் அதில் போய்விடுகிறாள். பிறகு ரோஜாத் தோட்டத்தில் கைதியாக இருக்கும் ஸ்னோ, 'அது என் குண்டு அல்ல, காயினுடையது' என்ற பொருளில் சொல்கிறார். காயின் கிளர்ச்சியின் தலைவி. அடுத்து அந்த மேசை. பழைய போட்டிகளில் வென்று உயிரோடு மிஞ்சிய ஏழு பேரையும் உட்காரவைத்து, தலைநகரத்துக் குழந்தைகளை வைத்துக் கடைசியாக ஒரு போட்டி நடத்தலாமா என்று காயின் வாக்கு கேட்கிறார். பீட்டா, ஆனி, பீட்டி மூவரும் வேண்டாம் என்கிறார்கள். ஜோஹன்னாவும் எனோபேரியாவும் வேண்டும் என்கிறார்கள். கட்னிஸ், ஸ்னோவைக் கொல்லும் உரிமை தனக்கே வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு, 'ஆம், பிரிமுக்காக' என்கிறாள்.

நான் மாவட்ட நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். சாட்சி 'ஆம்' என்றால் 'ஆம்' என்றுதான் எழுதுவேன். அவர் மனத்தில் என்ன இருந்தது என்பதற்கு என் ஏட்டில் இடம் கிடையாது. ஆனால் இந்தப் பெண் அடுத்த காட்சியிலேயே ஸ்னோவுக்கு வைத்த குறியை உயர்த்திக் காயினைக் கொன்றுவிடுகிறாள். அப்படியென்றால் அந்த 'ஆம்' பொய்யா? மெய்யாகச் சொல்லிவிட்டு, வில்லைத் தூக்கும்போது மனம் மாறினாளா? அக்காள் மகள் ஒரு கட்சி, நான் ஒரு கட்சி. எது என்று இப்போதைக்குச் சொல்ல மாட்டேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். நாட்டின் தற்காலிக அதிபரை ஊரே பார்க்கக் கொன்றவள் மேல் வழக்கு எங்கே? விசாரணை எங்கே? ஒரு கடிதத்தை வாசித்துக் காட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்!

தாழைமடல்:

அம்மா, அது தந்திரம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வாக்கெடுப்புக்கு முன்னாலேயே ஸ்னோவின் பேச்சு அவளுக்குள் இறங்கிவிட்டது. முதலில் சிறிய வெடி, உதவிக்கு ஆட்கள் வந்ததும் பெரிய வெடி என்ற யோசனையை அவள் நண்பன் கேலும் பீட்டியும் கிளர்ச்சியாளர்களின் தளமான மாவட்டம் 13இல் வகுத்ததை அவள் அறிவாள். ஸ்னோ சொல்லும்போது அவளுக்கு அது புதிய செய்தியே அல்ல, கணக்கு நேராகிவிட்டது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் 'வேண்டாம்' என்று சொல்லியிருந்தால் காயின் அவளைச் சந்தேகித்திருப்பார், வில் கைக்கு வந்திருக்காது. நீங்களே கவனித்து எழுதியிருக்கிறீர்கள்: முதலில் ஸ்னோவைக் கொல்லும் உரிமையைக் கேட்டாள், அது கிடைத்த பிறகுதான் 'ஆம்' சொன்னாள். அவளுக்குத் தேவைப்பட்டது அந்த முற்றமும் ஓர் அம்பும் காயின் நிற்கும் மாடமும்தான்.

போட்டியில் அவளுக்கு வழிகாட்டியாக இருந்த ஹேமிச்சின் வாக்கையும் பாருங்கள். கடைசியாக அவர்தான் பாக்கி, எண்ணிக்கை மூன்றுக்கு மூன்று. கட்னிஸைப் பார்த்துவிட்டு, மாக்கிங்ஜேயின் பக்கம்தான் தானும் என்று முடித்துவிடுகிறார். இந்தக் குடிகாரர் முதல் போட்டியிலிருந்தே வெளியே இருந்துகொண்டு அவளோடு பேசாமல் பேசியவர். அவள் தாகத்தில் கிடந்தபோது தண்ணீர் அனுப்பாமல் இருந்தே, பக்கத்தில் நீர் இருக்கிறது என்று அவளுக்குப் புரியவைத்தவர். அவருக்குப் புரிந்துவிட்டது.

இரவுக்காட்சி:

தாழைமடல் சொல்வது அழகாக இருக்கிறது. அழகாக இருப்பதால்தான் எனக்கு உறுத்துகிறது.

சூசன் காலின்ஸின் நாவல் (2010) முழுக்கக் கட்னிஸின் வாயால் சொல்லப்படுவது. பசித்தால் சொல்கிறாள், பயந்தால் சொல்கிறாள், யாரை முத்தமிட்டால் என்ன தோன்றியது என்பதைக்கூடச் சொல்லிவிடுகிறாள். இந்த ஓரிடத்தில் மட்டும் எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்ததாகச் சொல்லிவிட்டு, எதிரில் உள்ள ரோஜாவிலிருந்து கண்ணை எடுக்காமல் வாக்களிக்கிறாள். என்ன யோசித்தாள் என்பது இல்லை. இவ்வளவு ஓயாமல் பேசும் ஒருத்தியின் வாயை ஆசிரியர் அந்த இடத்தில் மூடுகிறார் என்றால், வாசகர் சந்தேகத்தில் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான். அவள் பாதி மனத்தோடு 'ஆம்' சொல்லியிருக்கக்கூடும் என்ற பயம் இல்லாவிட்டால், பிறகு எய்யும் அம்புக்கு என்ன மதிப்பு? தங்கையைப் பறிகொடுத்தவளுக்கு அந்த ஆசை வரவே வராது என்று சொல்பவர்களுக்குத் தங்கை இல்லை போலும்.

படத்தில் ஜெனிஃபர் லாரன்ஸ் அந்த இடத்தில் முகத்தைக் கல்லாக வைத்திருக்கிறார். இயக்குநர் பிரான்சிஸ் லாரன்ஸும் இசையை ஏற்றி நமக்கு வழி காட்டவில்லை. இவ்வளவு செலவு செய்து எடுத்த படத்தில் இந்த அடக்கம் அபூர்வம்.

உப்பங்காற்று:

குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். இந்தப் படங்களில் வரும் மூன்று விரல் வணக்கம் திரையோடு நிற்கவில்லை. 2014இல் தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது எதிர்ப்பாளர்கள் அதைக் காட்டினார்கள், அதற்காகப் பிடிக்கப்பட்டார்கள். 2021இல் மியான்மரிலும் தெருவெல்லாம் அதே வணக்கம். கிளர்ச்சியைத் தூண்டும் சின்னமாகத் தொடங்கிய கதை, கிளர்ச்சித் தலைவியின் நெஞ்சில் அம்பு பாய்வதில் முடிகிறது. கையை உயர்த்திய பிள்ளைகள் கடைசிப் படம்வரை பார்த்தார்களா என்று நான் சில நேரம் யோசிப்பதுண்டு.

தாழைமடல்:

பார்த்திருப்பார்கள், உப்பங்காற்று. பார்த்த பிறகும் உயர்த்தலாம். காயின் கெட்டவர் என்பதால் ஸ்னோ நல்லவர் ஆகிவிடவில்லையே. அது தனிக் கேள்வி, தனியாகத் தொடங்குங்கள், நானும் வருகிறேன்.

மூன்றாம்வரிசை:

வழக்கு பற்றி யாரும் பதில் சொல்லவில்லையே அக்கா. நான் சொல்கிறேன்.

நாவலில் விசாரணை உண்டு. ஆனால் அவள் இல்லாமலே நடக்கிறது. பழைய பயிற்சி மாளிகையில் அறை ஒன்றில் அவளைத் தனியாகப் பூட்டிவைத்திருக்கிறார்கள். பாடிக்கொண்டும் சாகப் பார்த்துக்கொண்டும் கிடக்கிறாள். அவள் மனநிலை சரியில்லை என்று மருத்துவர் எடுத்துச் சொல்ல, அவள் சொந்த ஊரான மாவட்டம் 12ஐ விட்டு வெளியே வரக் கூடாது என்ற அளவில் விடுகிறார்கள். இதெல்லாம் படத்தில் இல்லை.

அந்தக் கடிதத்துக்கு வேறு காரணம் இருக்கிறது. கடிதத்தை எழுதியவர் புளூட்டார்க், காயினோடு சேர்ந்து கிளர்ச்சியை நடத்தியவர். அவராக நடித்த பிலிப் சீமோர் ஹாஃப்மன் 2014 பிப்ரவரி 2 அன்று இறந்துவிட்டார். அவருடைய வேலை பெரும்பாலும் முடிந்திருந்தது, சில காட்சிகள் பாக்கி. கணினியில் அவர் உருவத்தைச் செய்து பேசவைப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். கட்னிஸிடம் புளூட்டார்க் நேரில் பேச வேண்டிய கடைசிக் காட்சி கடிதமாயிற்று, அதை ஹேமிச்சாக நடித்த வுடி ஹாரல்சன் வாசிக்கிறார். நீங்கள் குறையாகச் சொன்ன இடம் ஒரு நடிகரின் இறப்பால் வந்தது. வாசிக்கும்போது ஹாரல்சனின் குரலைக் கேளுங்கள், எனக்கு அதில் ஹேமிச் பாதிதான் தெரிகிறார்.

போகிற போக்கில் ஒன்று. ஒரே நாவலை இரண்டு படமாக வெட்டியதை இன்னும் திட்டுபவர்கள் இருக்கிறார்கள். நானும் திட்டியவன்தான், முதல் பாதி இழுவை. ஆனால் அதே வழியில் போன 'டைவர்ஜென்ட்' தொடரைப் பாருங்கள். கடைசி நாவலை இரண்டாக வெட்டினார்கள், 2016இல் வந்த முதல் பாதி ஓடவில்லை, இரண்டாவது பாதி எடுக்கப்படவே இல்லை. அதைப் பின்தொடர்ந்த பிள்ளைகளுக்குக் கடைசிப் படமே கிடையாது. நமக்குச் சண்டை போடுவதற்காவது ஒரு முடிவு இருக்கிறது.

சுருக்கெழுத்தாள்:

எல்லோருக்கும் நன்றி. மூன்றாம்வரிசைத் தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அந்தக் காட்சியை மட்டும் மறுபடி போட்டுப் பார்த்தேன். நீதிமன்றத்தில் வராத ஒருவரின் வாக்குமூலத்தை வேறொருவர் வாசிக்கும்போது எதிர்த்தரப்பு உடனே எழுந்துவிடும், குறுக்கு விசாரணை செய்ய ஆள் இல்லையே என்று. இங்கே எழுந்து கேட்க யாருமில்லை. கட்னிஸும் கேட்கவில்லை. எழுதியவர் வர மாட்டார் என்று தெரிந்த பிறகு அதைக் கேட்பது சிரமமாகத்தான் இருக்கிறது. ஆனால் வழக்கை வெட்டியதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. புத்தகத்தில் அவள் இல்லாமலே அவளைப் பற்றித் தீர்ப்பு எழுதினார்கள் என்பது எவ்வளவு பொருத்தம்! அந்தப் பெண்ணின் கதை முழுவதும் அதுதானே. முதலில் ஸ்னோவுக்காகப் புன்னகைத்தாள், பிறகு காயினுக்காகப் பிரச்சாரப் படங்களில் வசனம் பேசினாள். இரண்டு நிமிடம் போதுமாக இருந்தது, தார் அலையில் குறைத்திருக்கலாம்.

இப்போது என் கட்சி. இரவுக்காட்சி சொல்வதுதான் நானும் அக்காள் மகளிடம் சொன்னது. அவள் தாழைமடலின் கட்சி. தாழைமடலின் வாதத்தில் எனக்குப் பிடிபடாத ஒன்று: தந்திரமாகவே இருந்தாலும் அம்பு தவறியிருந்தால் என்ன ஆகும்? அந்த வாக்கு பதிவாகிவிட்டது, நான்குக்கு மூன்று. காயின் பிழைத்திருந்தால் குழந்தைகளைக் களத்துக்கு அனுப்பியிருப்பார்கள், கட்னிஸின் பெயரும் அந்த நான்கில் ஒன்றாக இருந்திருக்கும். அவ்வளவையும் பணயம் வைத்துத்தான் சொல்லியிருக்கிறாள். பொய் சொல்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் அடுத்தவர் முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள், நம்பினார்களா என்று தெரிந்துகொள்ள. இவள் யாரையும் பார்க்கவில்லை.

மற்றொன்று. அடுத்து ஸ்னோவின் இளமைக் கதையாக வந்த 2023ஆம் ஆண்டுப் படத்தைப் போடப் போகிறாளாம். அந்தக் கிழவர் சின்ன வயதில் எப்படி இருந்தால் எனக்கென்ன என்று தோன்றுகிறது. பார்க்கத்தான் வேண்டுமா?

தாழைமடல்:

அம்மா, பொய் சொல்கிறவள் முதலில் வில்லைப் பார்ப்பாள், முகத்தை அல்ல. நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. அக்காள் மகளுக்கு என் வணக்கம்.

இரவுக்காட்சி:

பாருங்கள் அம்மா. நேற்று நீங்கள் பார்த்த படத்தில் இவர்களைக் கடையின் அடியில் ஒளித்துவைக்கும் புலி முகப் பெண் நினைவிருக்கிறதா? டைக்ரிஸ். அவள் ஸ்னோவின் ஒன்றுவிட்ட அக்காள். அந்தப் படத்தில் அவனுக்குச் சட்டை தைத்துக் கொடுத்து, பாசமாகப் பார்த்துக்கொள்கிறாள். பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள், அவள் ஏன் கட்னிஸுக்குக் கதவைத் திறந்தாள் என்று அடுத்த சண்டையைத் தொடங்கலாம்.