15,000 ரூபாய்க்குள் யுகுலேலே: ரவுனில் எடுப்பதா, கனடாவில் இருந்து எடுப்பிப்பதா?

கொக்குவில் அம்மா:
வணக்கம். மகளுக்கு ஒன்பது வயது. வாய்ப்பாட்டு படிக்கிறாள். இப்போது யுகுலேலே, அதுதான் குட்டிக் கிற்றார் மாதிரி நாலு தந்தி வாத்தியம், வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். என்னால் 15,000 ரூபாய் வரை போகலாம், அதற்கு மேல் இப்போதைக்கு ஏலாது. யாழ்ப்பாணம் ரவுனில் ஒரு கடையில் நீல நிறத்தில் ஒன்று பார்த்தேன், பெட்டியில் 21 என்று போட்டிருக்கிறது. கபில நிறத்தில் 23 என்று இன்னொன்றும் இருக்கிறது. கடைக்காரர் எல்லாம் ஒன்றுதான், நிறம்தான் வேறு என்கிறார். நம்பி எடுக்கலாமா?

ஸ்காபரோ சிவா:
எடுக்க வேண்டாம் தங்கச்சி. அந்த விலையில் வருவது விளையாட்டுச் சாமான். சுருதி நிற்காது, பிள்ளைக்கு வெறுத்துப்போய் மூலையில் வைத்துவிடும். காலா, ஒஹானா, கோர்டோபா மாதிரிப் பெயருள்ள கொம்பனியின் ஒன்றை இங்கே கனடாவில் வாங்கி, ஊருக்கு வருகிற ஆட்களிடம் கொடுத்துவிடச் சொல்லுங்கோ. நல்லூர்த் திருவிழாவுக்கு எப்படியும் யாராவது வருவார்கள்தானே. காசு கொஞ்சம் கூடுதலாகப் போகும், ஆனால் ஒருமுறைதான் செலவு.

உரும்பிராய்ப் பெடியன்:
திருவிழா வரைக்கும் பிள்ளை பொறுக்குமோ அண்ணை? அதுக்குள்ளே டிரம்ஸ் கேட்கப் போகுது.

மருதனார்மடம் ரீச்சர்:
நான் வேறு கதை சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். வாய்ப்பாட்டு படிக்கிற பிள்ளைக்கு இது எதற்கு? அந்தக் காசை வயலினுக்குச் சேர்த்து வையுங்கள். வீணையிலும் மெட்டு, கழுத்தில் குறுக்கே பதித்த கம்பி, இருக்கிறது, ஆனால் அங்கே தந்தியை இழுத்துக் கமகம், அதாவது சுர அசைவு, பிடிக்கலாம். யுகுலேலேயில் நைலோன் தந்தி. குட்டை நீளம். இழுத்தாலும் சுரம் பெரிதாக அசையாது, தட்டிய கையோடு சத்தம் அடங்கிவிடும். தந்தி ஒழுங்கும் ஏறுமாறு. நாலாவது தந்தி, மூன்றாவதையும் இரண்டாவதையும் விட உயரமாக ஒலிக்கிறது. சரளி வரிசை வாசித்துப் பாருங்கள், விளங்கும்.

பாஷையூர்க் கிற்றார்:
ரீச்சர் சொல்வது சரி, ஆனால் பிள்ளை கேட்டது கமகம் இல்லை. கோர்ட் (சேர்ந்து ஒலிக்கிற சுரங்கள்) பிடித்துக்கொண்டு பாட வேண்டும் என்று கேட்கிறது.

சிவா அண்ணை, பெயர் பார்த்து வாங்குவது அங்கே சரி, பிடிக்காவிட்டால் கடைக்குத் திருப்பிக் கொடுக்கலாம். சூட்கேசில் வந்ததை யாரிடம் திருப்புவது? மலிவு விலையில் ஒரே மொடலிலேயே ஒரு பெட்டியில் நல்லது இருக்கும், பக்கத்துப் பெட்டியில் பிழையானது இருக்கும். கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய இடத்தில்தான் வாங்க வேண்டும்.

அக்கா, போனில் சுருதி காட்டுகிற ரியூனர் செயலி ஒன்று போட்டுக்கொண்டு போங்கோ. நாலாவது தந்தியில் இருந்து ஜி, சி, ஈ, ஏ என்று சுருதி கூட்டித் தரச் சொல்லுங்கோ. பிறகு ஒவ்வொரு தந்தியையும் பன்னிரண்டாவது மெட்டில் அழுத்தித் தட்டுங்கோ. திறந்த தந்தியின் சுரமே ஒரு ஸ்தாயி மேலே வர வேண்டும். அரைச்சுரம் ஒன்றுக்கு நூறு சென்ட் என்று கணக்கு. ரியூனரில் பத்து சென்ட் விலகினால் இந்த விலைக்குப் பரவாயில்லை. இருபது முப்பது என்று ஓடினால் அடுத்ததைக் கேளுங்கோ. தந்தி உயரம் சரியாக இருந்தும் நாலு தந்தியும் ஒரே பக்கம் விலகினால், பிரிட்ஜை, தந்திகளைக் கட்டுகிற கீழ்க் கட்டையை, பிழையான இடத்தில் ஒட்டியிருக்கிறார்கள். அதற்கு மருந்து இல்லை.

அடுத்தது முதலாவது மெட்டு. கடையில் இதை ஒருவரும் பார்ப்பதில்லை, மலிவுச் சாமான் பிழைப்பதே இங்கேதான். தலைப்பக்கம் தந்திகள் ஏறிப் போகிற வெள்ளைக் கட்டை, நட், அதில் வெட்டிய காடி ஆழம் போதாவிட்டால் முதல் மெட்டில் அழுத்தும்போது தந்தி கூடுதலாக இழுபடும், சுரம் ஏறும். பிள்ளை விரலைச் சரியாகத்தான் வைக்கும், கோர்ட் பிழையாகக் கேட்கும், விரலும் நோகும். தந்தியை மூன்றாவது மெட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு முதலாவது மெட்டைப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கோ. தந்திக்கும் மெட்டுக்கும் இடையே மயிரிழை வெளிச்சம் தெரிந்தால் நல்லது. மடித்த தாள் ஒன்று செருகலாம் போல இருந்தால் நட் உயரம். ஆனால் இதற்காக வாங்காமல் விடத் தேவையில்லை. சின்ன அரத்தால் காடியை இறக்கினால் போதும். வீட்டில் கை வைக்க வேண்டாம், கொஞ்சம் கூடுதலாக அராவினாலும் தந்தி மெட்டில் அடித்து இரையும்.

பன்னிரண்டாவது மெட்டில் தந்தியின் உயரம் இரண்டரை, மூன்று மில்லிமீற்றர் இருக்கலாம். கழுத்து ஓரத்தில் விரலை ஓட்டிப் பாருங்கோ, மெட்டு முனை கீறக்கூடாது. சுருதி முறுக்கிற ஆணி பற்சில்லு வைத்ததாக, பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு இருக்க வேண்டும். பின்னால் நேராக நிற்கிற உராய்வு ஆணியை லேசாகத் தொட்டாலே சுரம் பாயும், சின்னக் கைக்குச் சரிவராது.

21, 23 என்பது அங்குலக் கணக்கில் மொத்த நீளம். 21 சொப்ரானோ என்ற அளவு, 23 கொன்சேட் என்ற அளவு. ஒன்பது வயதுக்கு 21 போதும். விலை கிட்டத்தட்ட என்றால் நான் 23 எடுப்பேன், மெட்டுகளுக்கு இடையில் விரல் வைக்க இடம் இருக்கும்.

ஸ்காபரோ சிவா:
ரியூனர், அரம், குனிந்து வெளிச்சம் பார்ப்பது! தம்பி, அவ சாமான் வாங்கப் போறாவா, பரீட்சை எழுதப் போறாவா? முதல்முறை வாங்குகிற அம்மாவுக்கு இவ்வளவும் சாத்தியமா? பெயருள்ள கொம்பனிக்குக் காசு கொடுப்பதே இதையெல்லாம் அவன் பார்த்து அனுப்புவான் என்றுதான். மேல்பலகை ஒட்டுப்பலகை இல்லாமல் திட மரம் என்றால் சத்தமும் வேறு.

பாஷையூர்க் கிற்றார்:
திட மரமா? சித்திரை வெயிலில் காயும், கார்த்திகை மழையில் ஊதும். தகரக் கூரை வீட்டில் அது வெடிக்காமல் பார்ப்பது தனி உத்தியோகம். எங்கள் கடற்கரைப் பக்கம் உப்புக்காற்றில் மெட்டே கறுத்துப் போகும். இங்கே ஒட்டுப்பலகைதான் தாங்கும்.

ஸ்காபரோ சிவா:
சரி, திட மரத்தை விடுங்கோ. காலாவின் கேஏ-15 கூட ஒட்டுப்பலகைதான். மரத்துக்காக இல்லை, ஒழுங்கான நட்டுக்காகத்தான் அதைச் சொல்கிறேன். நீங்களே பிழைப்பது அங்கேதான் என்கிறீர்கள்!

உரும்பிராய்ப் பெடியன்:
போர்த்துக்கீசரைத்தான் குறை சொல்ல வேணும். 1879 இல் மடெய்ராத் தீவு ஆட்கள் ரேவன்ஸ்கிராக் என்ற கப்பலில் ஹவாய்க்குப் போனார்கள், அவர்களின் குட்டி வாத்தியத்தில் இருந்துதான் யுகுலேலே வந்தது. யாழ்ப்பாணத்தை 1619 இல் பிடித்து 1658 வரை ஆண்டும் ஒரு நாலு தந்திச் சாமான் வைத்துவிட்டுப் போகவில்லை.
ரீச்சர், மண்டலினும் வெளிநாட்டுச் சாமான்தானே?

மருதனார்மடம் ரீச்சர்:
கர்நாடக இசையில் மண்டலின் சிறீனிவாஸ் வாசித்தது மின் மண்டலின், அதையும் ஐந்து தந்தியாக மாற்றித்தான் வாசித்தார். மின்சாரத்தில் ஒலி நீளும், கமகத்துக்கு நேரம் கிடைக்கும். அதையும் இதையும் ஒப்பிட வேண்டாம் தம்பி.

பாஷையூர்க் கிற்றார்:
ரீச்சர், நாலாவது தந்தியைக் கழற்றிவிட்டு லோ ஜி என்று தடித்த தந்தி ஒன்று போடலாம். ஒழுங்கு நேராகிவிடும். ஐந்து கட்டை என்றால் ஜி, பிள்ளை அதில் பாடினால் அந்தத் தந்தியே ஆதார சட்ஜம், பாட்டின் அடிச் சுரம்.

மருதனார்மடம் ரீச்சர்:
ஆதார சட்ஜத்துக்குச் சுருதிப்பெட்டி இருக்கிறது. ஆனால் முதல் மெட்டுக் கதையில் உங்களோடு நிற்கிறேன். சுருதி விலகிய வாத்தியத்தோடு ஒன்பது வயதுப் பிள்ளை தினமும் பாடினால் காது அதற்கே பழகிவிடும். வாங்குவது என்றால் அதைப் பார்த்தே வாங்குங்கள் அம்மா. பாட்டு வகுப்பையும் நிற்பாட்டக் கூடாது.

கொக்குவில் அம்மா:
இன்று போய் வந்தேன். கடைக்காரருக்கு முதலில் கொஞ்சம் எரிச்சல், பிறகு அவரே ரியூனரைக் கையில் வாங்கிக்கொண்டார். நீலத்தில் பன்னிரண்டாவது மெட்டு எல்லாத் தந்தியிலும் இருபத்தைந்துக்கு மேலே ஓடியது. மகளுக்கு அழுகை வந்துவிட்டது, அவளுக்கு நீலம்தான் பிடித்தது. கபிலத்தில் மூன்று தந்தி சரி, சி தந்தி மட்டும் எட்டு. ஆனால் முதல் மெட்டில் தாள் செருகலாம். அதைத்தான் எடுத்தேன், 15,000க்குள் வந்தது. தந்தி நல்லதாக இல்லை, கிற்றாரின் இரும்புத் தந்தி போட்டால் சத்தம் வரும் என்று கடையில் சொன்னார்கள். போடலாமா?

பாஷையூர்க் கிற்றார்:
வேண்டவே வேண்டாம்! இரும்புத் தந்தியின் இழுவைக்குப் பிரிட்ஜ் பிய்ந்து கையோடு வரும். நைலோன், நைல்கட், புளோரோகார்பன், இந்த வகை மட்டும். புதுத் தந்தி முதல் கிழமை முழுக்க இறங்கிக்கொண்டே இருக்கும், அது பழுது இல்லை, திருப்பித் திருப்பிக் கூட்டுங்கோ. மத்தியான வெயிலில் காருக்குள் விட்டுவிட்டுப் போகவும் வேண்டாம், பசை இளகும்.

ஸ்காபரோ சிவா:
கொன்சேட் அளவுக்கு அக்குயிலா நைல்கட் ஒரு செட் கடித உறைக்குள் வைத்து அனுப்புகிறேன், காசு வேண்டாம். ஆனால் நட் அராவுகிற கூலி, அங்கே இங்கே போய்வந்த ஓட்டோக் காசு எல்லாவற்றையும் கூட்டி எழுதுங்கோ தங்கச்சி. மலிவா இல்லையா என்று அதற்குப் பிறகு கதைப்போம்.