பழைய காம்போசிட் மட்டையை லிட்டில் லீக்கில் பயன்படுத்தலாமா?

கேள்வி

என் மகன் (11 வயது) லிட்டில் லீக் என்ற அமெரிக்கச் சிறுவர் விளையாட்டு அமைப்பில் பேஸ்பால் ஆடுகிறான். மகள் (10 வயது) அங்கேயே, பேஸ்பாலைப் போன்ற சாஃப்ட்பால் ஆடுகிறாள். நண்பர் ஒருவர் தம் பையன் ஆடிய காம்போசிட் (இழை அடுக்குகளால் ஆன) மட்டையைக் கொடுத்திருக்கிறார். அதன் கழுத்துப் பகுதியில் யூ.எஸ்.எஸ்.எஸ்.ஏ. 1.15 பி.பி.எஃப். என்று அச்சிட்டிருக்கிறது. ஆட்டத்தில் இதை அனுமதிப்பார்களா? இருவரும் ஒரே மட்டையை வைத்துக்கொள்ள முடியுமா? இந்த முத்திரைகள் பிள்ளைகளின் பாதுகாப்புக்காகவா அல்லது புது மட்டை விற்பதற்காகவா என்ற ஐயமும் எனக்கு உண்டு.

பதில் 1

அனுமதிக்க மாட்டார்கள். அது வேறொரு விளையாட்டு அமைப்பின் முத்திரை, பி.பி.எஃப். என்பது மட்டை பந்தை எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறது என்பதற்கான அளவு. உங்கள் மகனின் வயதுப் பிரிவில், 2018 ஜனவரி 1 முதல், யூ.எஸ்.ஏ. பேஸ்பால் என்ற தேசிய அமைப்பின் முத்திரை உள்ள மட்டைகளுக்கு மட்டுமே இடம். ஒரே துண்டு மரத்தில் கடைந்த மட்டைக்கு அது தேவையில்லை. சாஃப்ட்பால் மட்டையின் பருத்த பகுதியின் விட்டம் 2¼ அங்குலத்தைத் தாண்டக் கூடாது, பேஸ்பாலில் 2⅝ அங்குலம் வரை செல்லலாம். சோதனை முறைகளும் வேறு என்பதால், இருவருக்கும் தனித்தனி மட்டைதான்.

பதில் 2

விற்பனைத் தந்திரம் என்று ஒதுக்கிவிட முடியாது. மர மட்டையில் அடிபடும்போது பந்துதான் நசுங்குகிறது, அந்த நசுங்கலிலேயே ஆற்றலின் பெரும்பகுதி வீணாகிறது. உள்ளே வெற்றிடமுள்ள உலோக, காம்போசிட் மட்டைகளின் சுவரோ சற்று உள்வாங்கி மீண்டும் எழும்புவதால், பந்து குறைவாக நசுங்கி அதிக வேகத்துடன் வெளியேறுகிறது. அந்த வேகத்தை மரத்தின் அளவுக்கு அருகில் நிறுத்துவதுதான் யூ.எஸ்.ஏ. விதியின் நோக்கம், அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் 2012 முதல் உள்ள பி.பி.சி.ஓ.ஆர். என்ற மட்டைத் தர விதிக்கும் இதே நோக்கம்தான்.

காம்போசிட் மட்டையில் இன்னொரு சிக்கலும் உண்டு. அடிக்க அடிக்க அதன் இழை அடுக்குகள் தளர்ந்து, புதிதாக இருந்ததைவிட வேகமாகப் பந்தைத் தள்ளத் தொடங்கும். இதற்காகவே உருளைகளுக்கு இடையில் மட்டையை அழுத்தித் தளர்த்துபவர்களும் இருக்கிறார்கள், அது விதிமீறல். ஆகவே நன்றாகப் பழகிய மட்டை என்று யாராவது பெருமையாகச் சொன்னால் நான் அதைக் குறையாகவே எடுத்துக்கொள்வேன். பருத்த பகுதியில் விரலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். மயிரிழை போன்ற விரிசல் நகத்தில் தட்டுப்பட்டால் பயிற்சிக்குக்கூட வேண்டாம்.

பதில் 3

மேலே சொன்னவை சரியே, ஆனால் முத்திரை இருந்தால் ஆபத்து தீர்ந்தது என்று எண்ண வேண்டாம். மகளின் பிரிவில் பிட்சர் (பந்து வீசுபவர்) 35 அடியிலிருந்து வீசுகிறார். வீசி முடிக்கும்போது இன்னும் சில அடி முன்னால் வந்திருப்பார் என்பதால், உண்மையான இடைவெளியை 31 அடி என்று வைத்துக்கொள்வோம். பந்து மணிக்கு 60 மைல் வேகத்தில், அதாவது நொடிக்கு 88 அடி வேகத்தில் திரும்பி வந்தால், அவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 0.35 நொடி. அந்த நேரத்தில், வீசிய வேகத்தில் கீழே இருக்கும் கையுறையை முகத்துக்கு உயர்த்துவது பெரியவர்களுக்கே கடினம். மகள் பிட்ச் செய்தாலும் மூன்றாம் பேஸில் நின்றாலும் முகக் கவசம் வாங்கிக் கொடுங்கள். விதி கட்டாயப்படுத்தும் வரை காத்திருக்க வேண்டாம். மகன் கேட்சராக (அடிப்பவருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) இருந்தால், மார்புக் கவசத்தில், விளையாட்டுப் பாதுகாப்புக் கருவிகளுக்குத் தரம் வகுக்கும் நொக்சே அமைப்பின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இதயத் துடிப்பின் ஒரு குறிப்பிட்ட கணத்தில் மார்பில் பந்து பட்டால், அடி பலமாக இல்லாவிட்டாலும் இதயம் நின்றுவிடக்கூடும். எனவே மைதானத்தில், மின்னதிர்ச்சி கொடுத்து இதயத்தை மீட்கும் ஏ.இ.டி. கருவி எங்கே இருக்கிறது என்பதைப் பயிற்சியாளரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. நண்பரின் மட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். முகக் கவசம் அணிந்தால் பந்தைப் பார்ப்பது சிரமம் என்று மகள் மறுக்கிறாள், என்ன செய்யலாம்?

பதில் 3

கம்பிகள் கண்ணுக்கு நேராக வராத வடிவங்கள் உண்டு. கடையில் அவளையே அணிந்து பார்க்கச் சொல்லி, கீழே உருளும் பந்தைக் குனிந்து எடுக்க வையுங்கள். தலையில் அசையாமல் நிற்பதைத் தேர்ந்தெடுங்கள். சில பயிற்சிகளில் அணிந்து பழகிவிட்டால் பெரும்பாலான பிள்ளைகள் அதை மறந்தே ஆடுவார்கள்.