படுக்கையறைக்குள் வௌவால் வந்துவிட்டது, என்ன செய்வது?

உவர்மலைவாசி:

வணக்கம். நாங்கள் திருகோணமலை உவர்மலையில் ஒரு பழைய ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். நேற்று இரவு கரண்ட் போய்விட்டது, ஒரே வெக்கை, அதனால் யன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டு, நுளம்பு வலையையும் மேலே தூக்கிப் போட்டுவிட்டுப் படுத்தோம். விடியப்புறம் கண் விழித்தால் அறைக்குள் ஒரு சின்ன வௌவால் சுற்றிச் சுற்றிப் பறக்கிறது. எவ்வளவு நேரமாக உள்ளே இருந்தது என்று தெரியவில்லை. நாலு வயது மகளும் எங்களோடுதான் தூங்கிக்கொண்டிருந்தாள். கணவர் தும்புத்தடியால் அடிக்கப் போனார், நான் மறித்துவிட்டேன். இப்போது அது அலுமாரிக்குப் பின்னால் போய் ஒளிந்திருக்கிறது. அறையைப் பூட்டி, கதவுக்குக் கீழே துவாயை அடைத்து வைத்திருக்கிறேன்.

இதை அடிக்காமல் எப்படி வெளியே அனுப்புவது? மாமி இது வீட்டுக்கு ஆகாது என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா வேறு கேரளாவில் வௌவாலால் வந்த காய்ச்சலைச் சொல்லிப் பயமுறுத்திவிட்டார். வளவில் கொய்யா மரம் நிற்கிறது, அதற்கும் இரவில் வௌவால் வருகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தென்னந்தோப்பு:

அக்கா, தடியை மறித்தது மிகச் சரியான வேலை. அதன் இறக்கை என்பது நீண்ட விரல் எலும்புகளுக்கு இடையில் விரிந்த மெல்லிய தோல்தான், ஒரு அடி பட்டாலே முறிந்துவிடும். அப்படி விழுந்ததைக் கையால் தூக்கப் போகும்போதுதான் அது கடிக்கும். நாங்கள் இருப்பது நிலாவெளியில், தோட்டத்துக்குள். நுளம்பையும் விளக்குப் பூச்சியையும் துரத்திக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்துவிடுவது எங்களுக்கு வழமையான விஷயம்.

பறந்துகொண்டிருக்கும் வௌவால் என்றால் முதலில் ஃபேனை நிறுத்த வேண்டும். வீட்டுக்குள் வரும் வௌவால்கள் அதிகம் சாவது ஃபேனில் அடிபட்டுத்தான் என்று நினைக்கிறேன். பிறகு வீட்டின் மற்ற அறைகளுக்குப் போகும் கதவைச் சாத்திவிட்டு, வெளியே திறக்கும் யன்னல், கதவு எல்லாவற்றையும் அகலத் திறந்து, உள் லைட்டை அணைத்துவிட்டு, ஆட்கள் சத்தமில்லாமல் விலகிவிட வேண்டும். அது தன் சத்தத்தின் எதிரொலியைக் கேட்டு வழி கண்டுபிடிக்கும் பிராணி, கண்ணும் தெரியும், யாரும் சேலையையும் துவாயையும் வீசாமல் விட்டால் தானாகவே வெளியே போய்விடும். பலர் பயப்படுவது அது தலைக்கு நேரே பாய்கிறது என்று. அறைக்குள் திரும்பித் திரும்பிப் பறக்கும்போது சுவர்ப் பக்கம் உயர்ந்தும் நடுவில் தாழ்ந்தும் வரும், அவ்வளவுதான், தலைமயிரில் சிக்குவதற்கு அது வரவில்லை. சுவரோரமாக நின்றுகொண்டால் உங்கள் கிட்டவே வராது.

பகலில் ஒளிந்திருப்பதைக் கலைக்க வேண்டாம். பொழுதுபட்ட பிறகு இதே மாதிரிச் செய்யுங்கள். அவசரமாக அகற்றத்தான் வேண்டும் என்றால், தடித்த தோல் கையுறை போட்டுக்கொண்டு, சுவரில் ஒட்டியிருப்பதன் மேல் ஒரு பெட்டியைக் கவிழ்த்து, சுவருக்கும் பெட்டிக்கும் இடையே ஒரு மட்டையை மெதுவாகச் செருகி மூட வேண்டும். வெளியே விடும்போது நிலத்தில் வைக்காதீர்கள். பல வௌவால்களுக்குத் தரையிலிருந்து எழும்பிப் பறப்பது கஷ்டம், உயரத்திலிருந்து விழுந்துதான் பறப்பைத் தொடங்கும். ஆளுயரத்தில் ஒரு மரக்கிளையிலோ மதிலிலோ ஏறவிடுங்கள்.

மாமியிடம் சொல்லுங்கள், இந்தச் சின்ன வௌவால் தின்பது பூச்சி மட்டும்தான். பூச்சி தின்னும் ஒரு பிராணி வளவில் சுற்றுவது வீட்டுக்கு நல்லதே தவிரக் கெட்டதில்லை.

வெள்ளைச்சட்டை:

தங்கச்சி, மேலே தம்பி சொன்னது முழுக்கச் சரி, ஆனால் உங்கள் விஷயத்தில் ஒன்று வித்தியாசம். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை இருந்த அறைக்குள் அது பறந்திருக்கிறது. அதனால் அதை இப்போதே வெளியே விட்டுவிடாதீர்கள். முதலில் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். நான் பல வருடம் வார்டில் வேலை செய்தவள், பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை.

காரணம் இதுதான். எங்கள் நாட்டில் விசர் நோய் (ரேபிஸ்) பெரும்பாலும் நாயால்தான் வருகிறது, அதனால் வௌவால் என்றதும் யாருக்கும் அந்த நினைவே வருவதில்லை. ஆனால் பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொருவையில் 2015 இல் பெரிய பழந்தின்னி வௌவால்களில் விசர்க் கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு புதிய வைரஸைக் கண்டுபிடித்தார்கள், அதற்கு அந்த ஊர்ப் பெயரையே வைத்திருக்கிறார்கள். உங்கள் அறையில் இருப்பது வேறு இனம், அதற்கு நோய் இருக்க வேண்டும் என்று இல்லை, இல்லாமல் இருக்கத்தான் வாய்ப்பு மிக அதிகம். என்றாலும் சின்ன வௌவாலின் பல் ஊசி முனை போல இருக்கும், கடித்த இடம் கண்ணுக்கே தெரியாமல் போகலாம், தூக்கத்தில் நாலு வயதுப் பிள்ளைக்கு உணரவும் தெரியாது, சொல்லவும் தெரியாது. விசர் நோய்க்கு அறிகுறி வந்துவிட்டால் பிறகு மருந்து இல்லை. அதற்கு முன்னால் ஊசி போட்டால் கிட்டத்தட்ட முழுப் பாதுகாப்பு. வௌவாலோடு நேரடியாகத் தொடுகை ஏற்பட்டாலே அதை மிகக் கடுமையான மூன்றாம் வகையாகத்தான் உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கிறது.

எனவே பிள்ளையை நல்ல வெளிச்சத்தில் கை, கால், கழுத்து, காது மடல் என்று எல்லா இடமும் பாருங்கள். கீறலோ புள்ளியோ இருந்தால், சந்தேகமாக இருந்தாலும் பரவாயில்லை, ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். 15 நிமிடம் என்றால் மணிக்கூட்டைப் பார்த்து 15 நிமிடம். மஞ்சள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் எதையும் பூச வேண்டாம். கழுவியதும் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள், தடுப்பூசி இலவசம்தான். ஊசி தேவையா, காயத்தைச் சுற்றிப் போடும் மருந்தும் தேவையா, ஏற்பு ஊசியும் வேண்டுமா என்பதை டொக்டர் தீர்மானிப்பார். நீங்கள் இரண்டு பேரும் அதே அறையில்தான் தூங்கினீர்கள், அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

வௌவாலை மேலே சொன்ன முறையில் பெட்டிக்குள் எடுத்து, காற்றுப் போகச் சின்ன ஓட்டைகள் விட்டு, நன்றாக மூடி வைத்திருங்கள். தேவைப்பட்டால் கொழும்பு பொரளையில் இருக்கும் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் மூளையைப் பரிசோதித்துப் பார்க்கலாம், அதற்காகவும்தான் தலையில் அடிக்கக் கூடாது என்பது.

உவர்மலைவாசி:

அக்கா, மிகவும் நன்றி, இதை வாசித்ததும் உடனே வெளிக்கிட்டுவிட்டோம். மகளின் முழங்கையில் ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி இருந்தது, நுளம்புக் கடியாகவும் இருக்கலாம். டொக்டர் அதைக் கேட்டதும் யோசிக்கவே இல்லை, ஊசியைத் தொடங்கிவிட்டார், அடுத்த திகதிகளைத் துண்டில் எழுதித் தந்திருக்கிறார். கணவர் தோல் கையுறை போட்டு வௌவாலைப் பெட்டிக்குள் எடுத்துவிட்டார், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அறிவித்திருக்கிறோம். மகள் அதற்குத் தண்ணீர் வைக்கச் சொல்லி அழுகிறாள்.

இன்னொரு கேள்வி. அலுமாரியை நகர்த்தியபோது பின்னால் எலிப்புழுக்கை மாதிரி நிறையக் கிடந்தது. இது யன்னலால் வந்ததா, கூரைக்குள்ளேயே குடியிருக்கிறதா?

கூரைவேலை:

அந்தப் புழுக்கையில் ஒன்றை ஒரு குச்சியால் அழுத்திப் பாருங்கள், கையால் வேண்டாம். எலியுடையது கெட்டியாக இருக்கும். வௌவாலுடையது பொடியாக உதிரும், உள்ளே பூச்சி இறக்கைத் துண்டுகள் மினுங்கும். அப்படி என்றால் கூரைக்குள் ஆட்கள் இருக்கிறார்கள். உவர்மலைப் பக்கம் பழைய வீடுகளில் சுவரின் மேல் மட்டத்துக்கும் கைமரத்துக்கும் இடையில் இடைவெளி விட்டிருப்பார்கள், முகட்டோட்டின் சாந்தும் உதிர்ந்திருக்கும். இந்தச் சின்ன வௌவாலுக்கு ஒரு விரல் நுழையும் துவாரம் போதும்.

பொழுதுபடும் நேரத்தில் வெளியே நின்று கூரையைக் கவனியுங்கள், எந்த இடத்தால் வெளிக்கிடுகின்றன என்று தெரியும், அந்தத் துவாரத்தின் கீழே சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரிக் கறுத்த அடையாளமும் இருக்கும். உடனே சீமெந்து பூசி அடைக்கப் போகாதீர்கள், உள்ளே இருப்பவை வழி தேடிக்கொண்டு உங்கள் அறைக்குள்தான் இறங்கும், இல்லாவிட்டால் உள்ளேயே செத்து நாறும். துவாரத்துக்கு மேலே ஒரு வலைத் துண்டை ஆணியடித்து, கீழ்ப்பக்கத்தைத் தளர்வாகத் தொங்க விடுங்கள். வெளிக்கிடும் வௌவால் வலைக்குக் கீழால் நழுவிப் போய்விடும், திரும்பி வரும்போது வழி கிடைக்காது. சில இரவுகள் அப்படியே விட்டு, ஒன்றும் வெளிக்கிடவில்லை என்று உறுதியான பிறகு நிரந்தரமாக அடைக்கலாம். வலையைத் தொங்க விடுவதற்கு முன்னாலேயே கூரை ஓட்டைக் கழற்றி உள்ளே குட்டிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள், பறக்கத் தெரியாத குட்டி இருந்தால் அவை வளரும்வரை பொறுக்கத்தான் வேண்டும். தாயை வெளியே வைத்துவிட்டுக் குட்டியைப் பட்டினி போட்டுக் கொல்வது பாவம்.

மிளகாய்ப் புகை, மண்ணெண்ணெய், பூச்சி உருண்டை எதுவும் வேண்டாம், சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் பூச்சி உருண்டையை அள்ளிப் போடுவது வௌவாலைவிடப் பெரிய ஆபத்து. எச்சத்தைக் காய்ந்தபடி கூட்டாதீர்கள், அந்தத் தூசு நெஞ்சுக்குள் போனால் நுரையீரல் நோய் வரலாம். மாஸ்க் போட்டு, குளோரின் கலந்த தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு அள்ளுங்கள். ஓட்டைக் கழற்றுவதற்கு முன்னால் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

தென்னந்தோப்பு:

கொய்யா பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் திரும்பவும் வருகிறேன். மரத்துக்கு வருவது பழந்தின்னி, அறைக்குள் வந்தது பூச்சிதின்னி, இரண்டும் வேறு வேறு. கேரளாவில் 2018 இல் பரவிய நிபா வைரஸ் பழந்தின்னி வௌவால்களில் வாழ்வது, பங்களாதேஷில் ஈச்ச மரத்துப் பச்சைச் சாற்றில் வௌவால் வாய் வைத்ததால் ஆட்களுக்குப் பரவியது. இலங்கையில் மனிதர்களுக்கு நிபா வந்ததாகப் பதிவில்லை, அதற்காக மரத்தைத் தறிக்க வேண்டாம். பல் பட்ட பழத்தை, கீழே விழுந்து கடிபட்டுக் கிடப்பதையும் சேர்த்து, பிள்ளைக்குக் கொடுக்காமல் எறிந்துவிடுங்கள், நல்ல பழத்தைக் கழுவித் தோல் சீவிக் கொடுங்கள். பழுக்கும் முன்னால் துணிப் பையோ கடதாசிப் பையோ கட்டிவிட்டால் உங்களுக்கும் பழம் மிஞ்சும். மரத்தை வலையால் மூடுவதாக இருந்தால் கண் சின்னதாக, இறுக்கி இழுத்துக் கட்டிய வலையாக இருக்கட்டும், தளர்ந்த நைலோன் வலையில் சிக்கி இரவு முழுக்கத் துடித்துச் சாகின்றன. அப்படிச் சிக்கியதைக் கண்டால் வெறுங்கையால் அவிழ்க்கப் போகாமல் வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 க்கு எடுங்கள்.